லோதி ரோட்டிலிருந்து மயூர் விஹாருக்கு: டிரெய்லர் கட்டிப் பால் காய்ச்சப் போனோம்

குவார்ட்டர்ஸைக் காலி செய்து சொந்த ஃப்ளாட்டுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்று ஞாயிறு. லோதி ரோட்டிலிருந்து மயூர் விஹாருக்குப் பத்து கிலோமீட்டர். பால் காய்ச்ச நல்ல நேரம் காலை ஆறிலிருந்து ஏழரை. சின்ன லாரி, பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர், டீசலோடு ஆயிரத்து நானூறு ரூபாய்.

புது வீட்டுக்குள் சாமி படம், அரிசி, தண்ணீர் முதலில் போக வேண்டும் என்றாள் அம்மா. முதலில் இறங்க வேண்டியதைக் கடைசியில்தானே ஏற்றுவோம்? இரண்டு அரிசி மூட்டை, தண்ணீர் டிரம், வடைக்கு அரைக்கக் கிரைண்டர் எல்லாம் டிரெய்லரின் வால் பக்கம் ஏறின. நம்மவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஏற்றுவார்கள். ஏற்றாதீர்கள்.

5.20க்குக் கிளம்பினோம். அம்மா ஆட்டோவில் முன்னே போனாள். சந்திலிருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது, “பாப்பா, கொக்கிப் பக்கம் அந்தப் பின்னைச் செருகு, ஜல்தி. வெளிய வந்ததும் எடுத்துடு” என்று என்னிடம் சொன்னார் டிரைவர் முருகேசன். சேலத்துக்காரர், இருபது வருட டெல்லி. லாரி நின்றால் டிரெய்லர் முன்னால் வந்து கொக்கியை அழுத்தும். அந்த அழுத்தத்தில்தான் அதன் பிரேக் பிடிக்கும். ரிவர்ஸிலும் அதே அழுத்தம் வரும் என்பதால்தான் அந்த இரும்புப் பின்; அது செருகியிருந்தால் பிரேக் பிடிக்காது.

யமுனைப் பாலத்தில் வேகம் நாற்பதைத் தொட்டதும் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது.

“பிரேக்கைப் போடுய்யா!” என்று அப்பா கத்தினார்.

முருகேசன் போடவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தார். ஆட்டம் தானாக அடங்கியது. “இப்ப அடிச்சா அது நம்மள ஓவர்டேக் பண்ணும் சார்” என்றார்.

பாலம் தாண்டி ஓரங்கட்டினோம். வால் கனத்தில் கொக்கி மேலே தூக்கிக்கொண்டிருந்தது. மூட்டை, டிரம், கிரைண்டர் மூன்றையும் சக்கரத்துக்கு முன்னால் நகர்த்த நாற்பது நிமிடம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கி மேல் அழுந்த வேண்டுமாம்.

“ஆச்சா? கிளம்பு, கிளம்பு” என்று அப்பா வாட்சைப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தேன். நான் செருகிய இரும்புப் பின் அங்கேயே இருந்தது. அடுத்து மேம்பாலம், இறங்கியதும் சிக்னல்.

லாரியின் மறுபக்கம் போய், “அண்ணே, பின்னை நான் எடுக்கல” என்றேன். முருகேசன் குனிந்து உருவினார்.

“என்னய்யா அது?” என்றார் அப்பா.

“பின்னை எடுக்க மறந்துட்டேன் சார். என் தப்பு.”

“இருவது வருசமா என்னத்தய்யா ஓட்டுன?” அப்பா வழி முழுக்கத் திட்டினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேம்பால இறக்கத்தில் சிவப்பு விளக்கு. டிரெய்லர் எங்களைத் தள்ளாமல் கூடவே நின்றது. 7.05க்கு வீடு, 7.20க்குப் பால் பொங்கியது.

அடுத்த ஞாயிறு பீரோவும் கட்டிலும் வர வேண்டும். “அந்த ஆளு வேண்டாம், வேற வண்டி பாப்போம்” என்று அப்பா சாப்பிடும்போது சொன்னார். எல்லோரும் தூங்கிய பிறகு அடுக்களையில் உட்கார்ந்து, நோட்டில் இதுவரை எழுதினேன். அப்புறம் போய் அப்பாவை எழுப்பி, பின்னை எடுக்க மறந்தது நான்தான் என்று சொன்னேன்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். “அவ்வளவு திட்டினேனே, அப்பவே சொன்னா என்ன?”

“பயமா இருந்துச்சுப்பா.”

“இப்ப?”

“இப்பவும்தான்.”

“அந்த முருகேசன் நம்பரை எடுத்து வை. விடிஞ்சதும் நானே பேசுறேன்.”

ஆக, கிளம்பும்முன் மூன்று விஷயம்: கனம் முன்னால், ஆடினால் பிரேக் கூடாது, பின்னை உருவியாயிற்றா என்று இறங்கிப் பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிறு அந்தப் பின்னில் என் பள்ளிக்கூடச் சிவப்பு ரிப்பனைக் கட்டப் போகிறேன். கண்ணாடியில் பார்த்தாலே தெரியும்.