எந்தப் போர்டிலும் இல்லாத வேலை

2008-இல் நாஜியாவுக்கு இருபத்தொன்பது வயது. கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றுக்காக எட்டுக் குழுக்கள் தனித்தனியாக எழுதும் மென்பொருளை ஒன்றாக இணைப்பது அவள் பொறுப்பு. தினமும் காலையில் ஒவ்வொரு குழுவும் தன் வேலைகளை எழுதிவைத்த போர்டின் முன் நின்றுகொண்டே கூட்டம் நடத்தும். எட்டிலும் அவள் நிற்பாள். எல்லாரும் வேலை முடிந்தது என்பார்கள். சேர்த்து ஓட்டினால் ஓடாது. வெள்ளிக்கிழமையும் ஓடாவிட்டால் அவளுக்கு வேலை போய்விடும்.

புதன்கிழமை அவள் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. எல்லாவற்றையும் உட்கார்ந்து இணைத்துப் பார்க்கக் குழுவுக்கு ஒருவர் தன்னிடம் வரும்படி கெஞ்சிச் சொல்லியனுப்பினாள். லாரி எடைமேடைக்கான மென்பொருளை எழுதும் குழுவின் பென்னி மட்டும் வந்தான்.

"இன்னாக்கா, எட்டு சேர் போட்டுக்கினு நீ ஒண்டி குந்தினுகீற?"

"மத்தவங்க எங்கடா?"

"அவங்க போர்டுல இந்த வேலய எழுதலியாம்."

"உங்க போர்டுல?"

"அதுலயும் இல்லக்கா. உன்னப் பாத்தா பேஜாரா இருந்துச்சு, வந்துட்டேன்."

எல்லாம் சேர்ந்து ஓடுவதைப் பார்க்க ஆலை அதிகாரிகள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார்கள்.