வெள்ளிக்கிழமை அகப்பட்ட சல்மன்

தொண்ணூறுகளில் ஒருநாள், கனடாவின் ஒன்ராரியோ ஏரியில் சல்மன் மீன் பிடிக்கப் போன வாடகைப் படகில் தமிழர் ஒருவர் என்னருகில் இருந்தார். பெரிய மீசை. மடியில் ஒரு கறித்தூள் போத்தல். அடிக்கடி அதைத் திறந்து மணந்து பார்ப்பார்.

தூண்டில்களைப் பின்னால் இழுத்தபடி படகு ஊர்ந்தது.

“நடந்தாலே இதைவிடக் கெதியாப் போகலாம்,” என்றார்.

மத்தியானம் அவருடைய தூண்டில் தடி வளைந்தது. வியர்க்க விறுவிறுக்க இழுத்து, கைக்குழந்தை அளவு சல்மனைக் கட்டிப்பிடித்துச் சிரித்தவர் திடீரென்று முகம் வாடினார்.

“தம்பி, இண்டைக்கு வெள்ளியெல்லே?”

“ஓம் அண்ணை.”

“மனிசி மீனை வாசலுக்குள்ள விடமாட்டா!”

மீனையும் தூளையும் என்னிடம் தந்தார். “நாளைக்குக் காய்ச்சுங்கோ. சாப்பிட வாறன்.”

சனிக்கிழமை குழம்பு கொதித்தபோதுதான் உறைத்தது, அவருக்கு என் விலாசம் தெரியாது. எனக்கு அவர் பெயரே தெரியாது.

மணம் பிடித்தாவது வந்துவிடுவார் என்று அப்பார்ட்மென்ட் கதவைத் திறந்து வைத்தேன்.