அருமைராசா தட்டி எடுத்த மேடு

என் வீட்டுக்காரர் அருமைராசாவுக்கு நெளிந்த தகரத்தைக் கண்டால் கை சும்மா இராது. பேசாலையிலிருந்து வந்த மனுசன், கியூபெக்கின் பியர்பொன்ட்ஸில் ஒரு கராஜில் இருபது வருடமாக இடிபட்ட கார்களுக்கு நெளிவெடுக்கிறார். "ஒண்டுமே நடக்காத மாதிரி ஆக்கிக் குடுக்கிறதுதான் என்ரை வேலை" என்று பெருமையடிப்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசலில் நிற்கிற கார்க் கதவுகளைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். எனக்கு வெட்கக்கேடு.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு பனிமாரியில் ஜினெட் என்ற கியூபெக்காரி அந்தக் கராஜுக்கு ஒரு பழைய பந்தயக் காரை ஏற்றி வந்தார். அவருடைய அப்பா லூசியன் இளவயதில் ஏரிக்கரைப் புவாண்ட்-கிளேரில் வீட்டுக் கொட்டிலுக்குள் தன் கையாலேயே செய்த கார். அலுமினியத்தில், நீட்டாக, ஒரேயொரு ஆள் இருக்கத்தக்க ஒடுக்கமாக. லூசியனின் தம்பி அதை உறைந்த ஏரிமேல் ஓட்டினாராம். அந்த வருடம் ஏரியில் அதைவிட வேகமாக ஒருவரும் போகவில்லையாம். தம்பி செத்த பிறகு கார் கொட்டிலிலேயே கிடந்து நெளிந்து பாழாகிவிட்டது.

லூசியன் அப்போது பக்கத்து ரொக்ஸ்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். கண் முழுதாகப் போய்விட்டிருந்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே காரைத் திருத்தி, அவருடைய பெயர் பொறித்த தகட்டைப் பூட்டி, ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு வேதக்கோயில் முற்றத்தில் அவரைக் கௌரவிக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. "அப்பா கையால்தான் பார்ப்பார்" என்று ஜினெட் சொன்னபோது, இவருக்குச் சாப்பாடு கொண்டுபோன நானும் பக்கத்தில் நின்றேன்.

மாரி முழுக்க இவர் அந்தக் காரோடுதான் குடும்பம் நடத்தினார். சிவப்புப் பெயின்றும் அடித்து முடித்தார். விழாவுக்கு முந்திய கிழமை வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு இருந்தார்.

"என்னப்பா, புட்டு வேகேல்லையோ?"

"றோஸ், நான் ஒரு மேட்டைத் தட்டி எடுத்துப்போட்டன்."

விசயம் இதுதான். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கத்துத் தகரத்தில் வெளியே தள்ளின மாதிரி ஒரு புடைப்பு இருந்திருக்கிறது. இவர் பழக்க தோசத்தில் அதை நெளிவென்று நினைத்து, தட்டிச் சமனாக்கி, மேலே பெயின்றும் அடித்துவிட்டார். அன்றைக்குத்தான் உள்ளே ஏறியிருந்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தாராம். கை முட்டி போய்த் தகரத்தில் இடித்திருக்கிறது. கைக்கு இடம் விட்டு லூசியன் வேண்டுமென்றே அடித்த மேடு அது.

"இதுக்கே இந்தப் பாடு? திருப்பி ஒண்டை அடிச்சு விடுங்கோ. ஆர் அளக்கப்போகினம்?"

"அந்த மனுசன் கையாலை அளக்கும். எந்த இடம், எவ்வளவு உயரம் எண்டு எனக்குத் தெரியாது. நான் அடிச்சால் அது பொய் மேடு."

அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் செத்த வீடுதான். மனுசன் சாப்பிடவில்லை, ரீவிக்கு முன்னால் இருந்து தன் கை முட்டியையே தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கிழவனுக்கு மிச்சம் இருக்கிறது இந்தக் கார் ஒன்றுதான், அதையும் என் புருசன் கெடுத்துவிட்டாரே என்று எனக்கும் கவலை. அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். தொலைந்த வீட்டுத் திறப்பைத் தேடித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறேன். தொலைந்த மேட்டைத் தரச்சொல்லி எப்படிக் கேட்பது?

ஞாயிறு வந்தது. சுவாமியார் தீர்த்தத்தோடு நின்றார். லூசியன் சக்கர நாற்காலியிலிருந்து எழும்பி, மகளின் தோளைப் பிடித்தபடி காரின் மூக்கில் கையை வைத்தார். தடவத் தடவ முகம் மலர்ந்தது. கை மெல்லப் பின்னுக்குப் போனது. ஸ்டியரிங் பக்கம் வந்ததும் கை நின்றது. திரும்பி வந்தது. மறுபடியும் தேடியது.

"நான்தான்," என்றார் இவர், தன் கராஜ் பிரெஞ்சில். "நெளிவென்று நினைத்துத் தட்டி எடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

ஜினெட்டின் முகம் கறுத்துவிட்டது. கிழவர் அந்த இடத்தை இன்னொரு தரம் தடவினார்.

"அது என் தம்பியின் கைக்கு அடித்தது. ஏரிக்கரையில், ஓடப்போகிற காலையில்," என்றார். பிறகு, "சுத்தியல் வைத்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

இவர் ஓடிப்போய் வான் வண்டிக்குள்ளிருந்து எடுத்து வந்தார். துவாய்த் துணியில் சுற்றி ஆயத்தமாகவே வைத்திருந்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நீ ஏறி இரு. ஸ்டியரிங்கைத் திருப்பு."

திருப்பினார். முட்டி தகரத்தில் இடித்தது. வெளியே வைத்திருந்த உள்ளங்கையில் கிழவர் அந்த இடியைப் பிடித்துக்கொண்டார். கையை எடுக்கச் சொல்லிவிட்டு, சுத்தியலை வாங்கி, குனிந்து, உள்ளேயிருந்து ஓங்கி அடித்தார். புதுச் சிவப்புப் பெயின்ற் வெடித்துக் கொட்டியது. நகக்கீறல் பட்டாலே ஒரு நாள் முழுக்கப் புறுபுறுக்கிற என் மனுசன் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். கிழவர் அடித்தார், திருப்பச் சொன்னார், மறுபடியும் அடித்தார். கடைசியில் முட்டி தட்டாமல் ஸ்டியரிங் சுற்றியது.

கிழவர் மேட்டைத் தடவிப் பார்த்தார்.

"முந்தியதைவிடப் பெரிசு," என்றார். "என் தம்பிக்குச் சின்னக் கை. இது உன்னுடையது."

இவர் காருக்குள்ளேயே இருந்து அழுதார். இருபத்துநாலு வருடக் குடித்தனத்தில் இந்த மனுசன் அழுது நான் கண்டதில்லை. வெடித்த இடத்துக்குப் பெயின்ற் பூசுவோமா என்று ஜினெட் கேட்டபோது மட்டும் நிமிர்ந்து, "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு தரம் புட்டு வாங்கிச் சாப்பிட்டார்.