நாகூர் கனியின் இடது கை

ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூர் ஃபேரர் பார்க் திடலில் பந்தாட்டம் முடிந்ததும் நாகூர் கனி தன் இடது கையைக் கத்தியால் கீறிக்கொள்வார். அதுதான் அவருக்குப் பிழைப்பு. விரல் நீளத்துக்கு ஒரு கீறல். ரத்தம் எட்டிப் பார்த்ததும் அதன்மேல் 'கனி களிம்பு'. "அடுத்த ஞாயிறு வந்து பாருங்க. தழும்பைத் தவிர வேற ஏதாவது இருந்தா இந்தக் கடையையே மூடிடுறேன்லா!" என்பார். கடை என்பது ஒரு தகரப்பெட்டியும் ஒரு குடையும். பன்னிரண்டு வருஷமாக அதை மூடும்படி நேரவில்லை.

களிம்பின் வரலாற்றையும் அவிழ்த்து விடுவார். அவருடைய பாட்டனார் பர்மாக் காட்டில் புலியிடம் கடிபட்டுக் கிடந்தபோது ஒரு ஞானி காதில் ஓதிய ரகசியமாம். உண்மையில், கம்போங் கப்போரில் தன் வீட்டுக்குப் பின்னால் சாக்கடையோரம் மண்டிக் கிடக்கும் வல்லாரையைப் பறித்து அரைத்து, தேங்காயெண்ணெயில் காய்ச்சி இறக்குவது அவர் மனைவி ஹலீமா. பாட்டனார் பர்மாவுக்கும் போகவில்லை, புலியையும் பார்க்கவில்லை. நாகப்பட்டினத்தில் மூக்குப்பொடி விற்றவர்.

1958இல் கனிக்குப் புத்தி கெட்டது. கெடுத்தவன் நூர்தீன், ஒரு கிளினிக்கில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர். சிராங்கூன் சாலைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, கனியை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றழைத்து அளந்தான்.

"நானா, புதுசா ஒரு களிம்பு வந்திருக்கு. ஸ்டீராய்டாம். மெக்சிகோ காட்டுக் கிழங்குல இருந்து எடுக்குறாங்க. வருஷக்கணக்கா சொறிஞ்சவனுக்கு ரெண்டே நாள்ல அரிப்பு போயிடுச்சுலா. ஆனா..."

அந்த 'ஆனா'வைக் கேட்கக் கனி அங்கே இல்லை. தேநீரைக்கூடக் குடிக்கவில்லை. கிழங்கென்ன, இலையென்ன, எல்லாம் மண்ணில் முளைப்பதுதானே. அரிப்பென்ன, காயமென்ன, எல்லாம் தோல்தானே. அவ்வளவுதான் அவருடைய மருத்துவ ஞானம். யார் யார் காலையோ பிடித்து அந்தக் களிம்புக் குழாய்கள் ஒரு டஜன் வாங்கி, மெழுகில் குழைத்து டப்பிகளில் அடைத்தார்.

"இனிமே உன் சாக்கடைத் தழை வேணாம்," என்று ஹலீமாவிடம் சொன்னார்.

அவள் அம்மிக் குழவியைக் கழுவித் துடைத்து மூலையில் சாய்த்து வைத்தாள். அதற்கே அவர் பயந்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு கீறினார், புதுக் களிம்பைத் தடவினார். தினமும் தடவினார். புதன்கிழமை பார்த்தால் காயம் கீறியபடியே வாயைத் திறந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ஒளு எடுக்கும்போது தண்ணீர் பட்டு உயிர் போயிற்று. நூர்தீனைத் தேடி ஓடினார்.

"அது அரிப்பையும் வீக்கத்தையும்தான் அடக்கும் நானா. பச்சைக் காயத்துல பூசினா ஆறுறதையும் சேர்த்து அடக்கிடும். அதத்தான் சொல்ல வந்தேன், நீங்க எந்திரிச்சு ஓடிட்டீங்க. உங்க வல்லாரையில இதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி ஒரு சரக்கு இருக்காம். அதுதான் பிளந்த தோலை ஒண்ணா சேர வைக்குமாம். வெள்ளைக்காரனே இப்ப அதை வடிச்சு எடுக்குறானாம்லா!"

கனியை வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் வீட்டு அம்மியில் இருந்ததை இந்தப் பயல் சொல்லித்தானா தெரிந்துகொள்ள வேண்டும்!

ஞாயிறு வந்துவிட்டது. போகாவிட்டால் கனி ஓடிவிட்டான் என்பார்கள். போய்க் காட்டினால் சொன்ன சொல்படி கடையை மூட வேண்டும்.

"முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டுப் போங்களேன்," என்றாள் ஹலீமா. அந்த இரக்கம்தான் அவரை இன்னும் சுட்டது. அரைக்கைச் சட்டையிலேயே போனார்.

திடலில் கையில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரித்தார். காயத்தைக் கண்டு முன்வரிசை முகம் சுளித்தது.

"பர்மாவும் இல்ல, ஞானியும் இல்ல. இத்தனை வருஷம் களிம்பு காய்ச்சினது என் பொண்டாட்டி ஹலீமா. இந்த வாரத்துக் களிம்பு என் திமிருல நானே செஞ்சது. அதான் ஆறல," என்றார். பெட்டியை மூடினார்.

கூட்டம் கைதட்டியது. அவர் அங்கே சொன்ன முதல் உண்மையை, இதுவரை விட்டதிலேயே பெரிய புளுகு என்று எடுத்துக்கொண்டது.

"புலிக் கதையைவிட இது நல்லா இருக்குலா! அடுத்த வாரமும் வாங்க!" என்று ஒருவர் கத்தினார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். ஹலீமா வல்லாரையை அரைத்து எடுத்துவந்து அவர் கையில் அப்பினாள்.

"என் பேரையா சொன்னீங்க? ஒருத்தருமா நம்பல?"

"ஒருத்தரும் நம்பல."

"போகட்டும். நீங்க நம்புறீங்கல்ல," என்றவள், துணியைக் கொஞ்சம் வேண்டுமென்றே இறுக்கிக் கட்டினாள். வலித்தது. கனி கையை இன்னும் நீட்டிக் கொடுத்தார்.