தம்பியைச் சுமந்த கைகள்

வெயிலில் காய்ந்த காக்கிச் சட்டையில் புளித்த கள்ளின் வாடை: அப்பா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அதற்கு முன்பெல்லாம் அவரிடம் தண்டவாள எண்ணெயும், எங்களுக்காகப் பொட்டலம் கட்டி வரும் "கச்சான்" கடலையும் மணக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கடல் கடந்து வந்த கூலிக்காரர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே "லயத்தில்" எங்கள் வீடு. இரண்டு வயதுத் தம்பி செல்லையா காய்ச்சலில் போகும்வரை அப்படித்தான் இருந்தது.

சின்னப் பிள்ளைக்குப் பாடை கட்டுவதில்லை. தகப்பன் கையில் ஏந்திப் போய்ப் புதைத்துவிட்டு வரவேண்டும். பெண்கள் வாசலோடு சரி. அம்மா மண்ணில் புரண்டு அழுதாள். குழாயடிப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு "ஒப்பாரி" வைத்தார்கள், கஞ்சி ஊட்டினார்கள், மாதக்கணக்கில், தினமும் குடம் நிறையும்வரை அவளைத் தம்பியின் பேச்சையே பேசவிட்டார்கள். அப்பா? "சிரிக்கிற பொம்பளையையும் அழுவுற ஆம்பளையையும் நம்பாதே" என்று சொல்லும் சனம் அல்லவா நாம்! இடுகாட்டிலிருந்து திரும்பும்போதே கூட்டாளிகள் அவரைக் கள்ளுக்கடைக்கு அழைத்துப் போனார்கள். அன்பாகத்தான். அங்கே எல்லாக் கதையும் பேசினார்கள், தம்பியின் பெயரைத் தவிர.

அம்மா மெல்லத் தேறினாள். அப்பாவுக்குக் "குடிகாரன்" என்று பெயர் வந்தது. அடுத்த ஆண்டு தங்கை பிறந்தாள். அவளை அவர் தூக்கவே இல்லை. ஒருநாள் அம்மா பிள்ளையை அவர் முன் நீட்டி, "ஒரு தடவ தூக்குங்க. அழுவணும்னா அழுதுடுங்க, நாந்தானே இருக்கேன்" என்றாள். அவர் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இந்தக் கையில வேணாம் புள்ள" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

தங்கை பள்ளிக்குப் போகும் முன்பே ஈரல் கெட்டு அப்பா போய்ச் சேர்ந்தார். தலைமாட்டில் அமர்ந்து அம்மா, "கையில ஏந்திப் போனியே ராசா, கண்ணீர விடாம வந்தியே" என்று பாடியபோது, வாசலில் நின்ற கூட்டாளிகள் ஒவ்வொருவராகத் தலை குனிந்துகொண்டார்கள். பாவம், அவர்களுக்கும் கள்ளுக்கடையைத் தவிர வேறு வழி தெரியாது.

அறுபது ஆண்டு ஓடிவிட்டது; இன்று லயமும் இல்லை, குழாயடியும் இல்லை, எல்லாம் அடுக்குமாடி. அந்தப் பழமொழிதான் இடிபடாமல் நிற்கிறது. மனைவியைப் பறிகொடுத்த என் மகன் வேலை முடிந்து வந்தும் மாடி ஏறாமல், கீழே காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, ரோட்டுல ஜாம் லா" என்பான். இதோ, அவன் கார் இப்போதும் கீழேதான் நிற்கிறது. முழங்கால் வலிக்கிறது, வலிக்கட்டும். இறங்கிப் போய் அவன் பக்கத்தில் உட்காரப் போகிறேன். மருமகளின் பெயரை நான்தான் முதலில் சொல்ல வேண்டும்.