சுவருக்குள்ளிருந்து என் குரல்

நேற்று சாயங்காலம் மருமகள் டிவியில் பேய்த்தொடர் வைத்திருந்தாள். அந்தக் காலத்து இங்கிலீஷ்க் கதைகளை வாரம் ஒன்றாகப் புதுசாக எடுக்கிறார்களாம். பங்களாவில் ஒருத்தி அலறினாள். "பயமா இல்லியாம்மா?" என்றாள் மருமகள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதைவிட நன்றாக அலறினவள் நான். அவளிடம் சொல்லக் கூச்சம், உங்களிடம் சொல்லலாம்.

எங்கள் மலையாள ஊரில், பழவங்காடிப் பக்கம் ஒரு மாடியில் டப்பிங் ஸ்டூடியோ இருந்தது. கீழே சிப்ஸ் வறுக்கிற தேங்காயெண்ணெய் வாசனை நம்மோடு படியேறி வரும். இப்போதும் நேந்திரங்காய் வறுபட்டால் எனக்கு மைக்தான் ஞாபகம் வரும். மலையாளத் தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கப் பெண்கள் வேண்டுமென்று ஸ்ரீவராகத்தில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற எங்கள் தெருவில் வந்து கூப்பிட்டார்கள். என் அஞ்சாம் கிளாஸ் படிப்புக்கு வசனம் வேகமாக வாசிக்க வராது. அதனால் எனக்குக் கூட்டத்துக் குரல்தான் கொடுத்தார்கள். கல்யாணக் கூட்டத்தில் சிரிக்கவும் சாவு வீட்டில் அழவும் வாசிக்க வேண்டாமே!

அங்கேதான் ஒரு பேய்த்தொடர் வந்தது. அதுவும் பழைய இங்கிலீஷ் கதைகள்தான். உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசிவிட்ட ஒரு பெண் அலற வேண்டும். முகம் கிடையாது, குரல் மட்டும். மற்றவர்கள் அலறியது எதுவும் டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. மிச்சம் நான். என் குரல் மைக்குக்கே எட்டுவதில்லை என்று ஏற்கெனவே அவருக்குக் குறை. "இதுவும் சரியாகலேன்னா மாமி நாளைக்கு வர வேண்டாம், கேட்டோ" என்றார். எனக்கோ அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு அலறினேன். திறந்து பார்த்தால் முந்தானை என் வாய்க்குள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். அழுதால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அதனால் நாங்கள் அழுவதே முந்தானையைக் கடித்துக்கொண்டுதான். பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது.

"எந்தா மாமி இது! வாயில துணிய வச்சுண்டா அலறுவா?"

செருப்பைத் தேடினேன். அதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் என்ஜினியர் சொன்னார்: "சாரே, ஒண்ணு கேட்டுப் பாருங்கோ. கதையில அந்தப் பொண்ணு சுவருக்குள்ளேதானே கிடக்கா!"

திரும்பப் போட்டுக் கேட்டார்கள். செங்கல்லுக்கு அப்பாலிருந்து மூச்சு முட்ட ஒருத்தி. டைரக்டர் தன் கையைத் தடவிவிட்டுக்கொண்டார். "மாமி, ரோமமெல்லாம் எழுந்து நிக்கறது."

அப்புறம் என்ன! அந்தத் தொடரில் பெட்டிக்குள், கிணற்றுக்குள், பூட்டின அறைக்குள் மாட்டிக்கொண்ட பெண்கள் அத்தனை பேரும் நான்தான். டிவியில் வந்தபோது அடுத்த வீட்டு மாமி, "பாவம்டீ அந்தப் பொண்ணு, யார் பெத்ததோ" என்று என்னிடமே அங்கலாய்த்தாள்.

ஸ்டூடியோ இருந்த மாடி இப்போது துணிக்கடைக் குடோன். அந்த நாடாக்களின்மேல் வேறு எதையோ பதிந்துவிட்டார்களாம். அங்கலாய்த்த அடுத்த வீட்டு மாமியும் போய்ச் சேர்ந்தாள். அந்த அலறலைக் கேட்க இனி வழியில்லை. ஆனாலும், அன்றைக்கு மைக் முன்னால் நின்ற அத்தனை பேருக்கும் வராத அலறல் எனக்கு வந்தது.