கையை விட்டால் நிற்கும் வண்டி

குற்றாலத்தில் ஆறு சீசன் சோப்பு விற்றேன். ஆறாவது சீசன் வரைக்கும் ஒரு நாள்கூட அருவியில் குளித்ததில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

எழுபதுகளின் கடைசியில் தொடங்கிய பிழைப்பு அது. செங்கோட்டைப் பக்கம் மரமில்லில் அறுக்கப் போட்டிருந்த தடி உருண்டு விழுந்து, என் வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போய்விட்டது. தென்காசியில் எங்கள் தெருச் சைக்கிள் கடை அண்ணாச்சி, ஒரு நாற்காலிக்குப் பின்னால் இரண்டு சைக்கிள் சக்கரமும் முன்னால் ஒரு சின்னச் சக்கரமும் பொருத்தி வண்டியாக்கிக் கொடுத்தார். இவர் தலைக்கு மேலே ஒரு குடை, மடிக்கு மேலே ஒரு பலகை. அதில் சோப்பு, சீயக்காய்ப் பொட்டலம், எண்ணெய், துண்டு. குற்றாலம் வரைக்கும் நான்தான் தள்ளிக்கொண்டு போவேன்.

சமதரையெல்லாம் பெரிய கடைக்காரர்களுக்கு. எங்களுக்கு வாய்த்தது அருவிக்குப் போகிற சரிவு. வண்டிக்குப் பிரேக் கிடையாது, சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்தான். முதல் சீசனிலேயே சாரலில் கல் வழுக்கி, வண்டி இவரோடு சேர்ந்து ஓடியது. நல்லவேளை, பஜ்ஜிக் கடை பெஞ்சில் முட்டி நின்றது. இல்லையென்றால் ஓடைதான். முழங்கையில் ரத்தம் கொட்ட, "ஒண்ணுமில்லட்டி, அழாத" என்றார்.

அதற்கப்புறம் நான் கல்லை நம்பவில்லை. காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை பின்னால் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருப்பேன். தோள் இற்றுப்போகும், குதிகால் கடுக்கும். ஈரத் தலையோடு பெண்கள் சிரித்துக்கொண்டு வரும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆறாவது சீசனில் ஒருத்தி சீயக்காய் வாங்கிக்கொண்டே, "ஒங்களுக்கென்னக்கா, தெனமும் அருவிக் குளியல்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை.

"ஒரு நிமிசம் கைய எடுக்க முடியுதா எனக்கு? ஒங்களுக்குக் காலு போச்சு. எனக்குக் கையும் சேந்துல்லா போச்சு!"

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் விரித்துப் போட்டிருந்த துண்டுகளைத் திரும்பவும் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அண்ணாச்சியை வீட்டுக்கு வரச்சொன்னார். நாலு நாள் இரண்டு பேரும் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு என்னவோ பண்ணினார்கள். மில்லில் மெஷின் பார்த்த கை அல்லவா, சும்மா இருக்குமா. கைப்பிடிக்குக் கீழே ஒரு கம்பி வந்தது. அதைச் சேர்த்து இறுக்கிப் பிடித்தால்தான் வண்டி நகரும். கையை விட்டால், பழைய சைக்கிள் சீட்டு ஸ்பிரிங் இழுத்து, டயர் ரப்பர் அடித்த கட்டைகள் பின்சக்கரம் இரண்டையும் கவ்விக்கொள்ளும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "தள்ளுதது பத்தாதுன்னு இதை வேற அமுக்கிக்கிட்டே வரணுமாக்கும்?" என்று வழியெல்லாம் புலம்பினேன்.

சரிவுக்கு வந்ததும், "கைய எடு" என்றார்.

"மாட்டேன்."

"எடுட்டி. உருண்டா நான்தானே உருளப் போறேன்?"

ஒவ்வொரு விரலாக எடுத்தேன். டக்கென்று கட்டை கவ்வியது. ஓரடி தள்ளி நின்றேன். பயத்தில் ஓடிப்போய்த் திரும்பவும் பிடித்தேன். அவர் சிரித்தார். பலகையிலிருந்து ஒரு சோப்பையும் துண்டையும் எடுத்துப் பின்பக்கமாக நீட்டினார்.

"போ. குளிச்சிட்டு வா."

பெண்கள் பக்கம் போய் நின்றேன். பிடரியில் தண்ணீர் விழுந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவ்வளவு அலுப்பு. பக்கத்தில் ஒருத்தி, "கொஞ்சம் தள்ளுங்கக்கா" என்றாள். "ஆறு வருசமா தள்ளிட்டுத்தான் இருக்கேன், இன்னைக்கு நகர மாட்டேன், போ" என்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

திரும்பி வந்தால், விட்ட இடத்திலேயே வண்டி நின்றது. ஆனால் மழைக்காற்றில் குடை பிய்த்துக்கொண்டு போய் ஓடையில் கிடந்தது. இருந்த தார்ப்பாயைச் சரக்குமேல் போட்டு மூடிவிட்டு, இவர் தலையிலிருந்து சொட்டச் சொட்ட நடுங்கிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"அட பாவி மனுசா! யாருகிட்டயாவது சொல்லி என்னைக் கூப்பிடப்படாதா?"

"ஒரு பிள்ளை கேட்டுது, கூட்டிட்டு வரட்டுமான்னு. வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"கூப்பிட்டா நீ வந்துருவியேட்டி."